ஜெர்மன் துறையின் ஆண்டறிக்கை

விருப்பச் சீட்டுகளை எண்ணியது நான்தான். முதலாமாண்டில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், இந்த வருஷம் இரண்டு மொழியையும் கொஞ்சம் கொஞ்சம் படித்தவர்கள். அடுத்த வருஷம் இரண்டாவது அயல்மொழியாக ஜெர்மன் வேண்டுமா, ஜப்பானிய மொழி வேண்டுமா என்று ஆளுக்கொரு சீட்டில் குறித்து, கீழே பேர் எழுதித் தர வேண்டும். நவம்பர் இரண்டாவது வாரம். ஆசிரியர் அறையின் மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணினேன். ஜப்பானிய மொழிக்கு நூறு. ஜெர்மனுக்குப் பன்னிரண்டு.

பதினைந்து பேராவது இருந்தால்தான் ஒரு வகுப்பு நடத்தலாம் என்பது விதி.

நான் கணக்கு டீச்சர். ஆனால் கொரியாவின் மலை ஊரான சொல்கோலின் அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடத்திட்ட வேலை முழுவதும் எப்படியோ என் தலையில் விழுந்திருந்தது. மார்ச் மாதம் ஒவ்வொரு துறையும் வருஷத் திட்டம் எழுதித் தரும். பிப்ரவரியில் அந்தத் திட்டத்தில் எவ்வளவு தேறியது என்று அறிக்கை தரும். இரண்டையும் கெஞ்சிக் கெஞ்சி வாங்கி, துளை போட்டு, நூல் கோர்த்துக் கட்டுவது என் பொறுப்பு. கொரிய மொழித் துறை செங்கல் கனத்துக்கு எழுதும். ஆங்கிலத் துறை வண்ண வண்ணமாய் வரைபடம் போடும். அறிவியல் துறை சோதனைக்கூடத்து ஒழுகலைப் பற்றி ஒரு பக்கம் அழும். சமூகவியல்காரர்கள் போன வருஷத்து அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி நீட்டுவார்கள். ஒரு தடவை அதையும் மாற்ற மறந்துவிட்டார்கள்.

ஜெர்மன் துறையில் ஒரே ஆள். பியோ இன்சப். நாற்பத்தைந்து வயது, நெட்டையான ஒடிசல் உடம்பு, மூக்கு நுனிக்கு வழுக்கி வரும் கண்ணாடி. அவர் மட்டும் கையால் எழுதுவார். பொடிப் பொடி எழுத்தில் நான்கு பக்கம். எந்தப் பிள்ளை மார்ச்சில் என்ன தெரியாமல் வந்தது, பிப்ரவரியில் என்ன தெரிந்துகொண்டு போகிறது என்று பேர் பேராக. வகுப்பில் தூங்குகிற பையனுக்குக்கூட ஒரு வரி இருக்கும். "முன்பு முழு நேரமும் தூங்கினான். இப்போது உச்சரிப்புப் பயிற்சிக்கு மட்டும் எழுந்துவிடுகிறான்" என்று ஒரு முறை எழுதியிருந்தார்.

"என்ன பியோ சார், துறைக் கூட்டத்தைக் கூட்டிட்டீங்களா? எல்லாரும் வந்தாச்சா?" என்று ஆங்கிலத் துறைக்காரர்கள் சீண்டுவார்கள்.

"கூட்டினேன் சார். தலைவருக்கும் உறுப்பினருக்கும் ஒத்துப்போகல. ஒத்தி வச்சிருக்கு" என்பார்.

ஊரில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைய ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஜெர்மனுக்கு இரண்டு வாத்தியார் இருந்தார்கள். வகுப்புக்கு அறுபது பிள்ளைகள். ஒவ்வொரு சுரங்கமாக மூட மூட ஒவ்வொரு குடும்பமாக லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டுப் போனது. இருக்கிற பிள்ளைகளும் ஜெர்மன் படித்து என்ன செய்ய என்று கேட்க ஆரம்பித்தார்கள். மலைக்கு மேலே பெரிய விடுதி கட்டியிருக்கிறான், ஜப்பான்காரன் வருவான், அவன் பேச்சு தெரிந்தால் வேலை என்று ஊருக்குள் பேச்சு.

பியோ சாருக்கு ஜெர்மன் வெறும் பிழைப்பில்லை. அவருடைய அண்ணன் அந்தக் காலத்தில் ஜெர்மனிக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். இரண்டாம் வருஷம் கூரை சரிந்து அங்கேயே செத்துப்போனார். சேதி ஜெர்மனில் தட்டச்சு செய்த ஒரு தாளில் வந்தது. சொல்கோலில் அதைப் படிக்க ஆள் இல்லை. மூன்று நாள் அந்தத் தாள் வீட்டில் கிடந்ததாம். நல்ல சேதி, பணி உயர்வு என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொல்ல, அவருடைய அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாராம். நாலாம் நாள் இதே பள்ளிக்கூடத்தில் அப்போதிருந்த ஜெர்மன் வாத்தியாரிடம் பதினாறு வயது இன்சப்தான் தாளைக் கொண்டுபோனார். வாத்தியார் முதல் வரியைப் படித்ததும் உட்காரச் சொன்னார். அதற்கப்புறம் இந்த மனுஷன் ஜெர்மனைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை.

இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. அவருடைய மனைவி ஓக்சன் சொன்னது.

ஓக்சனுக்குப் பள்ளி வாசலுக்கு எதிரே சின்ன பலகாரக் கடை. கல்யாணத்துக்கு முன்னால் கரி பொறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள். கரி ஓடிவரும் பட்டையின் இரைச்சலுக்கு மேல் குரல் கேட்க வேண்டும் என்று கத்திப் பழகிய தொண்டை, இன்னும் இறங்கவில்லை. அகலச் சட்டியில் சிவப்புக் காரக் குழம்பு கொப்புளம் விட்டுக்கொண்டேயிருக்கும். அதில் விரல் நீள அரிசிமாவுத் துண்டுகள் புரளும். அதுதான் தொக்போக்கி. மணி அடித்ததும் பிள்ளைகள் சட்டியைச் சுற்றி ஈயாய் மொய்ப்பார்கள். குச்சியில் குத்தி எடுத்து, ஊதி ஊதித் தின்றுகொண்டே "டெர், டெஸ், டெம், டென்" என்று ராகம் போடுவார்கள். வேற்றுமை உருபை மனப்பாடம் செய்ய பியோ சார் சொல்லிக்கொடுத்த ராகம் அது.

அவரும் வகுப்பு முடிந்து வந்து நின்றுகொண்டே ஒரு தட்டு தின்பார்.

"ஏய் ஓக்சன், நீ இன்னைக்கு மிளகாயை அள்ளிக் கொட்டிட்டியா? காது வழியா புகை வருது."

"புள்ளைங்க கேக்குற காரம் அது. உங்களுக்குத்தான் ஜெர்மன்காரன் நாக்கு. உருளைக்கிழங்கை அவிச்சுத் தரட்டா?"

"தாயேன்."

"போய் அந்த ஊர்லயே கேளுங்க."

பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களின் மகள் நாரே, முதலாமாண்டுக்காரி, வெட்கப்பட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

மூன்று வருஷமாக அவருக்கு இங்கே முழு வேலைக்குப் போதுமான வகுப்பு இல்லை. அதனால் செவ்வாயும் வியாழனும் வேறு இரண்டு பள்ளிகளுக்குப் போய்வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் கோம்ஜே கணவாயைத் தாண்ட வேண்டும். போன டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பேருந்து பனிக்கட்டியில் வழுக்கி, பின்பக்கம் தடுப்புக் கம்பிக்கு வெளியே தொங்கிவிட்டது. ஆட்களை முன்கண்ணாடி வழியாக இறக்கினார்கள். முழங்கால் பனியில் இரண்டரை மணி நேரம் நடந்து வந்தார். இடது காலில் இரண்டு விரல் கறுத்துப்போய் எடுக்க வேண்டியதாயிற்று.

"நடக்குறதுக்கு எட்டு போதும்னு கணக்கு வருது டீச்சர், சரியா?" என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். ஓக்சன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் கடை வானொலியில் பாட்டு ஓடாது. வானிலைதான் ஓடும்.

எண்ணி முடித்ததை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பதினொன்றரை மணி, ஆசிரியர் அறையில் வேறு யாருமில்லை.

"பன்னெண்டா?" என்றார். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். "போன வருஷம் முப்பத்தொண்ணு வந்துச்சே டீச்சர்."

"ரெண்டு தடவை எண்ணினேன் சார்."

"கோவிச்சுக்காம இன்னொரு தடவை எண்ணிடலாமா? நானும் பக்கத்துல இருக்கேன்."

எண்ணினோம். நான் சீட்டைப் புரட்டப் புரட்ட அவர் உதட்டுக்குள் எண்ணினார். பன்னிரண்டுதான். அந்தப் பன்னிரண்டையும் கையில் வாங்கிப் பேர்களைப் படித்தார். நாரேயின் சீட்டு மூன்றாவதாக இருந்தது. அதைப் பார்த்தபோது முகம் கொஞ்சம் இளகியது. மற்றதைப் பார்க்கப் பார்க்க மறுபடி இறுகியது.

"தூங்குறவனெல்லாம் இருக்கான் டீச்சர்" என்றார் மெல்ல. "ஆர்வமா கேக்குற ஒருத்தரும் இல்ல. சாயங்காலம் இருந்து படிச்சுட்டுப் போகும் பாருங்க ஆறு புள்ளைங்க, அதுல ஒண்ணுகூட இல்ல. நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க. காலம் அப்படி."

"காலம்னா தூங்குறவன்தானே முதல்ல போகணும்?"

சீட்டுகளை ரப்பர் போட்டுக் கட்டி உள்ளே வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓக்சன் வீட்டில் குளிர்காலத்துக்கான முட்டைக்கோஸ் ஊறுகாய், கிம்ச்சி, போட்டோம். ஆசிரியர் குடியிருப்பில் அவர்கள் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல் இருக்கும். தனியாள் எனக்கு எட்டு முட்டைக்கோஸ் போதும் என்றாலும் வருஷா வருஷம் அவளுடைய அறுபதோடு சேர்த்துத்தான். முந்தின நாளே பிளந்து உப்பில் கிடத்தியிருந்தாள். கிணற்றடிக் குழாயில் ஊசி குத்துவதுபோல் தண்ணீர். அலசி, கவிழ்த்து, வடியவிட்டு, முற்றத்தில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தோம். நான் முள்ளங்கியைத் தீக்குச்சி கனத்துக்கு அரிந்தேன். அவள் மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பில் ஊறிய இறால், வெங்காயத்தாள் எல்லாவற்றையும் பெரிய ரப்பர் தொட்டியில் கொட்டி, முழங்கை வரை விட்டுப் பிசைந்தாள். பியோ சார் கொல்லையில் பானை புதைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். மண் மேலாக உறைந்திருந்தது. கடப்பாரை 'ணங் ணங்' என்று கேட்டது.

"எத்தன வந்துச்சு டீச்சர்?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"சார் சொல்லலையா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. மூணு நாளா சோத்தைப் பெசஞ்சு வச்சுட்டு எழுந்துபோறாரு."

"பன்னெண்டு."

அவள் கை நின்றது. "பதினஞ்சு வேணும்ல?"

"ஆமா."

"அப்ப மூடிருவாங்க."

"டிசம்பர்ல கமிட்டி இருக்கு. அதுல முடிவாகும். மூடிட்டா, சாரை லீவுல சுன்சொனுக்கு அனுப்பி நன்னெறிப் பாடத்துக்குப் பயிற்சி குடுப்பாங்க. அப்புறம் ஏதாவது ஒரே பள்ளிக்கூடத்துல நிரந்தரமா போட்ருவாங்க."

"ஒரே பள்ளிக்கூடம்" என்று திருப்பிச் சொன்னாள். "கணவாய் ஏற வேண்டாம்."

"வேண்டாம்."

ஒரு முட்டைக்கோஸை மடியில் இழுத்துப் போட்டு, ஒவ்வொரு இதழாக விரித்து, அடித்தண்டு வரை மசாலாவைத் திணித்தாள். ஒன்று முடிந்தது. இரண்டாவது. மூன்றாவதை எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கை முழுக்க மிளகாய். கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்தாள்.

"நான்தான் டீச்சர் பண்ணினேன்."

"என்னது?"

"சீட்டு குடுக்குறதுக்கு முந்தின வாரம். கடைக்கு வந்த புள்ளைங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். தட்டுல ரெண்டு துண்டு கூடப் போட்டுச் சொன்னேன். 'உங்க சாருக்கு முடியலடா. கால் பாருங்க. போன தடவை விரலோட போச்சு, இந்தத் தடவை என்ன போகுமோ. நீங்க ஜெர்மன்னு எழுதுனா அந்த மனுஷன் பனியில அலையணும். உங்க சார் மேல பாசம் இருந்தா ஜப்பான்னு எழுதுங்க'ன்னு." மூச்சு வாங்கினாள். "அவருக்கே வேண்டாமாம், வாய் விட்டுச் சொல்ல மாட்டேங்குறாருன்னு பொய்யும் சொன்னேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். ஆர்வமாய்ப் படிக்கிற ஆறு பிள்ளைகளும் ஏன் இல்லை என்று அப்போது விளங்கியது. பாசம் உள்ளவர்கள் எல்லோரும் ஜப்பானுக்குப் போய்விட்டார்கள். கடைப் பக்கம் வராதவர்களும், சொன்னதைக் காதில் வாங்காதவர்களும்தான் மிச்சம்.

"நாரேவுக்குத் தெரியுமா?"

"அவகிட்டயும் சொன்னேன். 'நீ போய்ச் சாவு'ன்னா. என்னைப் பார்த்து டீச்சர், பெத்த தாயைப் பார்த்து. போய் ஜெர்மன்தான் போட்டுட்டு வந்தா. அவரு முகத்தைப் பார்த்தா சொல்லிருவேனோன்னு பயந்து அப்பாகிட்ட அவ பேசுறதே இல்ல இப்ப."

கொல்லையிலிருந்து குரல் வந்தது. "ஓக்சன்! நீ கேட்ட ஆழம் வந்துருச்சு, வந்து பாரு! மூணு பானையா நாலா?"

"நாலு!" என்று கத்தினாள். அந்தக் குரலில் அழுகையின் சாயலே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லிருவீங்களா?" என்றாள்.

நான் சொல்லவில்லை. அதுதான் நான் செய்தது. சீட்டு கெட்டுப்போயிருக்கிறது, மறுபடி எழுதச் சொல்ல வேண்டும் என்று கமிட்டியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜெர்மனுக்கு முப்பது பேராவது வந்திருப்பார்கள். டிசம்பர் முதல் வாரம் கமிட்டி கூடியபோது துணைத் தலைமையாசிரியர் வழக்கப்படி கேட்கவும் செய்தார்.

"சீட்டுல எதுவும் குழப்பம் இல்லையே யோம் டீச்சர்?"

பியோ சார் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். மேசைக்குக் கீழே அவருடைய இடது கால் தெரிந்தது. நுனியில் பஞ்சு அடைத்த பெரிய பூட்ஸ். அன்றைக்குக் காலையிலிருந்து பனி. மறுநாள் வியாழக்கிழமை.

"இல்ல சார்" என்றேன்.

கடைசியில் அவரிடம் நாரேதான் சொன்னாள். அம்மாவைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை, தாங்க முடியாமல் சொன்னாள்.

டிசம்பர் கடைசி ஞாயிறு, மதியச் சாப்பாட்டு நேரம். பிப்ரவரி கூட்டத்துக்கான அறிக்கையை அவர் முன்கூட்டியே எழுதிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில்தான் எழுதுவார். ஓக்சன் உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து உருட்டிப் போட்ட சூப் வைத்திருந்தாள். கிண்ணம் வைக்க இடம் வேண்டும் என்று நாரே தாளை நகர்த்தியபோது படித்திருக்கிறாள். 'மாணவர் எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணங்கள்' என்ற தலைப்பின் கீழ் அவர் ஒரே காரணம்தான் எழுதியிருந்தார். ஆசிரியரின் கற்பிக்கும் முறையில் உள்ள குறைகள். அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கத்துக்குத் தன் குறைகளை ஒவ்வொன்றாக விவரித்திருந்தார். இலக்கணத்தில் அதிக நேரம் செலவிட்டது. பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டது. கால் சரியில்லாத மாதங்களில் கரும்பலகைக்கு எழுந்து போகச் சோம்பியது.

ஒட்டுச் சுவர். எனக்கு எல்லாம் கேட்டது.

"பொய்! எல்லாம் பொய்ப்பா! நீ எதுக்கு இப்படி எழுதுற? அம்மாதான் எல்லாரையும் மாத்தி எழுதச் சொன்னா! எங்க வகுப்புல அத்தன பேருக்கும் தெரியும். ஹ்யொன்-து அழுதுக்கிட்டே ஜப்பான்னு எழுதுனான். சாருக்கு நல்லதுன்னு சொன்னாங்களே, சாருக்கு நல்லதுதானேன்னு என்கிட்ட கேக்குறான்!"

கிண்ணம் ஒன்று உருண்டது. ஓக்சன் சத்தம் போட்டுப் பேசுகிறவள், அன்றைக்கு அவள் குரல் எழும்பவேயில்லை. "உங்க காலு..." என்று ஆரம்பித்தது மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. மேல்கோட்டு இல்லாமல் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும் சார்."

"எப்பலேந்து?"

"கிம்ச்சி போட்ட அன்னைலேந்து."

"கமிட்டிக்கு முன்னாடியா?"

"ஆமா சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணாடியில் ஆவி படிந்து வெண்மையாகியிருந்தது. கண் தெரியவில்லை.

"புள்ளைங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். அதைத் தாங்கிக்கிட்டேன் டீச்சர். அது வாத்தியாருக்கு வர்றதுதான்." கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஆனா அவங்க என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்காங்க. நான் கரும்பலகை முன்னாடி நின்னு டெர் டெஸ் டெம்னு பாடுறப்போ, அந்தப் புள்ளைங்க என் காலைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. நீங்களும் கமிட்டில என் காலைத்தான் பார்த்தீங்க, இல்ல?"

"சார், இன்னும் நேரமிருக்கு. நான் நாளைக்கே தலைமையாசிரியர்கிட்ட போய்..."

"என்ன சொல்லுவீங்க? பியோ இன்சப்போட பொண்டாட்டி இந்த மாதிரி பண்ணிட்டான்னா?" என்றார். "வேண்டாம். கடைக்கு அப்புறம் யாரு வருவா?"

திரும்பிப் போனார். இடது காலை ஊன்றும்போது மட்டும் கொஞ்சம் நிதானித்தார்.

ஜனவரி முழுவதும் சுன்சொனில் பயிற்சி. ஜெர்மன், பிரெஞ்சு வாத்தியார்களாக நாற்பது பேர், எல்லாம் நரைத்த தலைகள், கல்லூரி மாணவர்களின் பெஞ்சில் உட்கார்ந்து நன்னெறி படித்தார்களாம். வாரக் கடைசியில் மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இவர் விடுதியிலேயே இருந்து படித்தார். தேர்வில் இரண்டாவதாக வந்தார்.

ஓக்சன் கடையைத் திறந்துதான் வைத்திருந்தாள். விடுமுறை, பிள்ளைகள் குறைவு. வருகிற பிள்ளைகளும் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டை வாங்கினார்கள். டெர், டெஸ் பாட்டு நின்றுவிட்டது. ஒரு நாள் ஹ்யொன்-து வந்து சட்டி முன்னால் வெகுநேரம் நின்றான். "எத்தன தட்டுடா?" என்றாள். "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டான்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி துறை அறிக்கைக் கூட்டம். கொரிய மொழித் துறை இருபது நிமிஷம் படித்தது. ஆங்கிலத் துறை சுவரில் படம் காட்டியது. கணக்குத் துறைக்கு நான் படித்தேன். மாதிரித் தேர்வில் சராசரி மூன்று மதிப்பெண் ஏறியிருந்தது, யாரோ கை தட்டினார்கள். கடைசியாக பியோ சார் எழுந்தார். நான்கு பக்கத்தைப் பிரித்தார்.

டிசம்பரில் எழுதியதை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவரின் பேரையும் படித்தார். ஹ்யொன்-து முதலில் உச்சரிக்கத் திணறிய எழுத்தைப் படித்தார், இப்போது அவன் தடங்கலில்லாமல் சொல்வதையும் படித்தார். பிறகு காரணங்களுக்கு வந்தார். "ஒரே காரணம், ஆசிரியரின் கற்பிக்கும் முறையில் உள்ள குறைகள்" என்று நிதானமாகப் படித்தார். ஒன்றரைப் பக்கத்தையும் படித்தார். கரும்பலகைக்கு எழுந்து போகச் சோம்பியது என்ற வரியில் குரல் தடுமாறவில்லை.

தலைமையாசிரியர், "இவ்வளவு நேர்மையான அறிக்கையை நான் கேட்டதில்லை. மத்த துறைகளும் கத்துக்கணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தாள்களை மடித்து என்னிடம் நீட்டினார். நான் துளை போட்டு, நூல் கோர்த்து, மற்ற துறைகளோடு வைத்துக் கட்டினேன்.

மார்ச் முதல் தேதியில் கடலோரத்தில் ஸாம்சொக் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நன்னெறி வாத்தியாராகப் போனார். நாரே இங்கே பள்ளி முடிக்கும்வரை ஓக்சன் இங்கேயே இருப்பது என்று ஏற்பாடு. அங்கே பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிஷ நடையில் அறை. கணவாய் இல்லை, பனியும் அவ்வளவாக இல்லை. ஓக்சன் வானொலியை மறுபடி பாட்டுக்குத் திருப்பினாள். கொஞ்ச நாளில் அணைத்தே வைத்துவிட்டாள்.

மார்ச்சில் அவர் ஊருக்கு வரவில்லை. ஏப்ரலிலும் இல்லை. மே மாதம் ஒரு சனிக்கிழமை வந்தார். அரை நாள் பள்ளி முடிந்து நான் கடையில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். சரிவெல்லாம் இளம்பச்சை. ஓக்சன் காலையிலிருந்து மூன்று முறை ஏப்ரனை மாற்றிவிட்டாள். இரண்டு மணிப் பேருந்து சத்தம் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

அவர் கொஞ்சம் சதை போட்டிருந்தார். கறுத்திருந்தார். கையில் கருவாட்டுக் கட்டு ஒன்று.

"வந்துட்டீங்களா? கால் எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்குங்க. நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள போங்க."

ஓக்சனின் கை ஏப்ரனைப் பிடித்தபடியே நின்றது.

"இதை எடுத்துக்குங்க. அங்க நல்லா கிடைக்குது. உங்களுக்கும் நாரேவுக்கும்" என்று கருவாட்டுக் கட்டை இரண்டு கையாலும் நீட்டினார். என்னைப் பார்த்து, "டீச்சர், சௌக்கியமா?" என்று வழக்கம்போல் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் எதுவும் இல்லை. நாரே எங்கே என்று கேட்டு, கடைக்குப் பின்னாலிருந்த அறைக்குள் போனார். அப்பாவும் மகளும் பேசிச் சிரிப்பது கேட்டது. "ஏய் நாரே, நீ வளந்துட்டியே!" என்றார்.

ஓக்சன் சட்டிக்குத் திரும்பினாள். குழம்பு அடிப்பிடித்திருந்தது. தீயைக் குறைத்து, கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டேயிருந்தாள்.

"டிசம்பர்லேந்து இப்படித்தான் டீச்சர்" என்றாள், என்னைப் பார்க்காமல். "ஒரு நாளாவது கத்துவாருன்னு பார்த்தேன். கத்தினா நானும் பதிலுக்குக் கத்துவேன்ல. இருபது வருஷம் 'ஏய் ஓக்சன்'னு கூப்பிட்ட மனுஷன்."

"சரியாயிடும்க்கா."

"ரொம்ப மரியாதையா இருக்காரு."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது, வெளியூர்க்காரர் ஒருவர் கடையில் கேட்கிற மாதிரி.

"ஏங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?"

"இதோ கொண்டு வர்றேங்க" என்று சொல்லி ஓக்சன் டம்ளரை எடுத்தாள். தண்ணீரை ஊற்றிவிட்டு, அதை உள்ளே கொண்டுபோகாமல், சட்டியின் ஆவியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.